இனப் பின்னணி வேறான பதின்வயதுப் பெண்களின் ஏரோபிக் திறனை ஒப்பிடுவது எப்படி: அளப்பதிலிருந்து எழுதுவது வரை

45 கிலோ எடையுள்ள ஒரு பெண், ஓட்டத்தின் உச்சத்தில் நிமிடத்துக்கு 1.9 லிட்டர் ஆக்சிஜன் பயன்படுத்துகிறாள். 60 கிலோ எடையுள்ள இன்னொருத்தி 2.3 லிட்டர் பயன்படுத்துகிறாள். இருவரில் யாருக்கு ஏரோபிக் திறன், அதாவது உழைக்கும்போது ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன், கூடுதல்? லிட்டர் கணக்கில் இரண்டாமவளுக்கு. எடையால் வகுத்தால் முதலாமவளுக்கு ஒரு கிலோவுக்கு 42.2 மில்லிலிட்டர், இரண்டாமவளுக்கு 38.3; இப்போது முதலாமவள் முந்திவிடுகிறாள். எடையை அப்படியே எடுக்காமல் அதன் 0.67 அடுக்கால் வகுத்தால் இருவருக்கும் 148. ஆள் அதே ஆள், மூச்சு அதே மூச்சு, விடை மட்டும் மூன்று.

இந்த இருவரும் வெவ்வேறு இனத்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கிடையே ‘இன வேறுபாடு’ இருக்கிறதா இல்லையா என்பது எந்த வகுத்தலைச் செய்தோம் என்பதைப் பொறுத்ததாகிவிடுகிறது. கறுப்பினப் பதின்வயதுப் பெண்களின் உச்ச ஆக்சிஜன் நுகர்வு, ஒரு கிலோ எடைக்கு எனப் பார்த்தால், வெள்ளையினப் பெண்களைவிடச் சராசரியாகக் குறைவு என்று அமெரிக்க ஆய்வுகள் பல சொல்லியிருக்கின்றன. எண் பொய்யில்லை. ஆனால் அந்த எண்ணுக்குள் உடலமைப்பு, வயதுக்கு வந்த காலம், ரத்தத்தின் ஹீமோகுளோபின், ஓடியாடும் பழக்கம், குடும்ப வருமானம், சோதனை நடந்த விதம் எல்லாம் சேர்ந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சுவதைப் பற்றித்தான் இனத்தின் பெயரால் ஏதாவது பேச முடியும். உடற்கல்வி ஆசிரியர்கள், விளையாட்டு உடலியங்கியல் படிக்கும் முதுநிலை மாணவர்கள், பள்ளி நலத்திட்டங்களை நடத்துபவர்கள் அந்தப் பிரித்தெடுத்தலை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதே இந்த வழிகாட்டி.

முதல் படி: யாரை எந்தப் பெயரில் எழுதுவது

பதிவுத்தாளில் ‘இனம்’ என்று ஒரு கட்டத்தைப் போட்டு ஆசிரியரே பார்த்து நிரப்புவதுதான் அடிக்கடி நடக்கும் முதல் தவறு. பெண்ணோ பெற்றோரோ தாங்களே சொல்ல வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட பின்னணியைக் குறிக்க இடம் இருக்க வேண்டும். கூடவே பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் பிறந்த நாடு, வீட்டில் பேசும் மொழி ஆகியவற்றையும் கேளுங்கள்.

இது வெறும் நாகரிகத்துக்காக அல்ல. ‘ஆசியர்’ என்ற சொல்லுக்கு லண்டனில் பெரும்பாலும் இந்திய, பாகிஸ்தான், வங்கதேசப் பின்னணி என்று பொருள். அமெரிக்கப் படிவத்தில் அதே சொல்லுக்குள் சீனரும் பிலிப்பினோவும் கொரியரும் அடங்குவர். இரண்டு நாட்டு ஆய்வுகளில் ‘ஆசியப் பெண்கள்’ என்று வரும் எண்களை அருகருகே வைப்பது வாழைத்தாரையும் வாழைமரத்தையும் ஒரே தராசில் நிறுப்பது போல. ‘கறுப்பினம்’ என்பதும் அப்படித்தான். நெடுந்தூர ஓட்டத்தில் கொடிகட்டிப் பறக்கும் கென்யரும் எத்தியோப்பியரும், குறுந்தூர ஓட்டத்தில் முன்னிற்கும் மேற்கு ஆப்பிரிக்க வழிவந்த ஜமைக்கரும் ஒரே கட்டத்தில்தான் விழுகிறார்கள். ஒரு சொல்லுக்குள் இரண்டு நேரெதிர்த் திறன்கள் இருக்கும்போது அந்தச் சொல் உடலியங்கியலை எவ்வளவு விளக்கிவிடும்?

தசையிழை வகையை (வேக இழையா, நிதான இழையா என்பதை) வைத்து எல்லாவற்றையும் விளக்கிவிடுபவர்கள் உண்டு. அதற்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது கனடாவின் லவால் பல்கலைக்கழகத்திலிருந்து 1986ல் வந்த ஓர் ஆய்வு. அதில் தசைத் துணுக்கு எடுக்கப்பட்டது உடற்பயிற்சிப் பழக்கமில்லாத கறுப்பின, வெள்ளையின ஆண்களிடம். ஒரு குழுவுக்கு 23 பேர். அதை 13 வயதுப் பெண்களின் மேல் ஏற்றுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

இரண்டாம் படி: எத்தனை பேர் வேண்டும்

இந்த வயதுப் பெண்களின் உச்ச ஆக்சிஜன் நுகர்வில் திட்டவிலக்கம், அதாவது சராசரியைச் சுற்றிய பரவல், 6 மிலி/கிலோ/நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 மிலி வேறுபாட்டைப் பிடிக்க வேண்டுமென்றால் எளிய கணக்கு ஒன்று உண்டு: திட்டவிலக்கத்தை வேறுபாட்டால் வகுத்து, விடையை இருமடியாக்கி, 16ஆல் பெருக்குங்கள். 6ஐ 3ஆல் வகுக்க 2, இருமடி 4, பெருக்க 64. ஒரு குழுவுக்கு 64 பேர். உண்மையான வேறுபாடு இருந்தால் அதைக் கண்டுபிடிக்க 80% வாய்ப்பு.

பலரும் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். ஒரே பள்ளியில் படிப்பவர்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள்: அதே மைதானம், அதே பி.டி. ஆசிரியர், அதே தெரு. பள்ளிக்கு 25 பேர் எடுத்து, பள்ளிக்குள் ஒத்திருக்கும் அளவு 0.1 என்றால், பெருக்க வேண்டிய எண் 1 + (24 × 0.1) = 3.4. 64 என்பது 218 ஆகிவிடும். ஒரு பள்ளியில் கறுப்பினப் பெண்கள், வேறொரு பள்ளியில் வெள்ளையினப் பெண்கள் என்று எடுத்தால் நிலைமை இன்னும் மோசம். இரண்டு பள்ளிகளை ஒப்பிட்டுவிட்டு இரண்டு இனங்களை ஒப்பிட்டதாக எழுதுவீர்கள். இரு தரப்பும் சேர்ந்து படிக்கும் பள்ளிகளைத் தேடிப் பிடித்து, ஒவ்வொரு பள்ளிக்குள்ளும் ஒப்பிடுவதே நல்லது. மைதானம், ஆசிரியர், வெயில் எல்லாம் இருவருக்கும் பொதுவாகிவிடும்.

மூன்றாம் படி: திறனை அளத்தல்

வசதி இருந்தால் ட்ரெட்மில்லும் மூச்சுவாயு அளவியும்தான். சைக்கிளில் அளந்தால் ட்ரெட்மில்லைவிடச் சுமார் 8 முதல் 10% குறைவாக வரும். சைக்கிள் ஓட்டிப் பழகாத பெண்ணின் தொடை முதலில் சோர்ந்துவிடும், இதயம் உச்சத்தைத் தொட்டிருக்காது. ஒரு குழுவில் சைக்கிள் ஓட்டும் பழக்கம் குறைவு என்றால் அதுவே ‘இன வேறுபாடாக’ முளைத்துவிடும்.

ஒவ்வொரு நாள் காலையும் 3 லிட்டர் சிரிஞ்சால் காற்றோட்ட அளவியைச் சரிபாருங்கள். வாயு அளவியை வெளிக்காற்றாலும், ஆக்சிஜன் 16%, கார்பன் டை ஆக்சைடு 4 முதல் 5% உள்ள உருளை வாயுவாலும் சரிபாருங்கள். முகமூடியைச் சிறிய, நடுத்தர அளவுகளில் வைத்திருங்கள். பெரியவர்களின் முகமூடியைச் சிறிய முகத்தில் மாட்டினால் மூக்கின் ஓரத்தில் காற்று கசியும். கசிந்த மூச்சு கணக்கில் வராது. துளையை உள்ளங்கையால் அடைத்து ஊதச் சொன்னால் கசிவு உடனே தெரியும். ஓட்டத்தை 8 முதல் 12 நிமிடத்துக்குள் முடியும்படி அமையுங்கள்: வசதியான ஒரே வேகம், நிமிடத்துக்கு நிமிடம் ஏற்றம் மட்டும் கூடட்டும். கைப்பிடியைப் பிடிக்க விடாதீர்கள். பிடித்தால் உடலின் பாரத்தில் ஒரு பகுதியை இயந்திரம் சுமந்துவிடும்.

பெரியவர்களிடம் எதிர்பார்க்கும் சமநிலை, அதாவது வேலை கூடியும் ஆக்சிஜன் நுகர்வு கூடாமல் நிற்கும் நிலை, இந்த வயதில் பலரிடம் தெரியாது. அதனால்தான் ‘அதிகபட்சம்’ என்று சொல்லாமல் ‘உச்சம்’ என்கிறோம். இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 195ஐ நெருங்கியதா, வாயு விகிதம் (வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடை நுகரும் ஆக்சிஜனால் வகுத்தது) 1.0ஐத் தாண்டியதா, முகம் சிவந்து கால் தள்ளாடியதா என்று பாருங்கள். ஐயம் இருந்தால் 10 நிமிட ஓய்வுக்குப் பின், கடைசிக் கட்டத்தைவிடச் சுமார் 5% கடினமான ஒரு சிறு ஓட்டம் வையுங்கள். அதிலும் எண் கூடவில்லை என்றால் முதல் எண்ணை நம்பலாம்.

அமெரிக்காவின் தேசிய உடல்நல, ஊட்டச்சத்து ஆய்வு 1999 முதல் 2004 வரை 12 முதல் 49 வயதினரை ட்ரெட்மில்லில் ஏற்றியது. ஆனால் அது உச்சம் வரை போகாத சோதனை. இதயத்துடிப்பிலிருந்து உச்சத்தைக் கணித்தார்கள். அங்கிருந்து எடுக்கும் எண்ணையும் நேரடியாக அளந்த எண்ணையும் ஒரே அட்டவணையில் போடாதீர்கள்.

பீப் டெஸ்ட்: பள்ளிக்கூடத்தில் நடைமுறைக்கு ஒத்தது

கனடாவின் லூக் லெஜே உருவாக்கிய 20 மீட்டர் ஓட்டத்தை உலகெங்கும் பள்ளிகளில் நடத்துகிறார்கள். ஷட்டில் ரன் என்றும் சொல்வார்கள்; நம் ஊரில் ஷட்டில் என்றால் இறகுப்பந்து என்பதால் பீப் டெஸ்ட் என்றே இங்கே வைத்துக்கொள்வோம். 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள். பீப் ஒலிக்கும் போதெல்லாம் ஒரு கோட்டிலிருந்து மறுகோட்டை அடைய வேண்டும். தொடக்கம் மணிக்கு 8.5 கிமீ, நிமிடத்துக்கு 0.5 கிமீ கூடும். ஒரே வேகத்தில் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் ஒரு கட்டம்; ஒரு கோட்டிலிருந்து மறுகோட்டுக்கு ஓடுவது ஒரு நடை. 8.5 கிமீ வேகத்தில் ஒரு நடைக்கு 8.47 விநாடி, 10 கிமீயில் 7.2 விநாடி, 12 கிமீயில் 6 விநாடி.

ஏற்பாட்டில் கவனிக்க வேண்டியவை:

- 20 மீட்டரை இரும்பு நாடாவால் அளங்கள், காலடியால் அல்ல. கோட்டுக்கு அப்பால் நின்று திரும்ப இரண்டு மீட்டராவது காலி இடம் விடுங்கள். ஒருவருக்கு ஒரு மீட்டர் அகலப் பாதை.
- ஒரு தடவைக்குப் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். இரண்டு பேருக்கு ஒருவர் வீதம் குறிப்பெடுக்க ஆள் வேண்டும்.
- ஒலிப்பதிவு எந்த வகை என்பதைப் பதிவுத்தாளின் தலைப்பிலேயே எழுதுங்கள்.
- இரண்டு தடவை கோட்டை அடையத் தவறினால் நிறுத்தம். முதல் தவறலுக்கு எச்சரிக்கை மட்டும்.
- எல்லாக் குழுக்களையும் நாளின் ஒரே நேரத்தில், ஒரே தரையில் ஓட விடுங்கள். சிமெண்ட் தரையில் ஒரு பள்ளி, புல்தரையில் இன்னொன்று என்றால் ஒப்பீடு போச்சு.

ஒலிப்பதிவு விஷயத்தில் சற்று நின்று பேச வேண்டும். சில பதிவுகள் 8.5ல் தொடங்கும். சில 8.0ல் தொடங்கி நேராக 9.0க்குத் தாவும், அமெரிக்கப் பள்ளிகளில் பேஸர் என்ற பெயரில் நடத்தும் பீப் டெஸ்ட் இந்த வகை. இந்த இரண்டிலும் இரண்டாம் கட்டம் 9.0 என்பதால் அதன் பின் இரண்டும் ஒன்றுதான். மூன்றாவது ஒரு வகை 8.0ல் தொடங்கி 0.5 வீதம் கூடும். அதில் ஐந்தாம் கட்டம் 10.0 கிமீ, மற்றவற்றில் 10.5. ‘ஐந்தாம் கட்டம் முடித்தாள்’ என்று மட்டும் எழுதி வைத்தால் 14 வயதுப் பெண்ணுக்கு 2.7 மிலி பிழை வரும். நீங்கள் தேடும் வேறுபாடே 3 மிலிதான் என்பதை நினைவில் வையுங்கள்.

அந்த 2.7 எங்கிருந்து வருகிறது? 8 முதல் 19 வயது வரைக்கும் 1988ல் லெஜே குழு கொடுத்த சமன்பாடு:

உச்ச ஆக்சிஜன் நுகர்வு = 31.025 + (3.238 × வேகம்) − (3.248 × வயது) + (0.1536 × வேகம் × வயது)

வேகம் என்பது கடைசியாக முடித்த கட்டத்தின் மணிக்கணக்கு வேகம். வயது முழு ஆண்டில். 14 வயதுப் பெண் 10.5 கிமீ கட்டத்தை முடித்தால் 42.1. 10.0 முடித்தால் 39.4. இப்போது வயதை மாற்றிப் பாருங்கள்: அதே 10.0 கட்டத்தை முடித்தவள் 13 வயது என்றால் 41.1. பதினான்காம் பிறந்தநாளுக்கு முந்தின நாள் 41.1, மறுநாள் 39.4. ஒரு கேக் வெட்டியதில் 1.7 மிலி போய்விட்டது. இரு குழுக்களின் சராசரி வயதில் சில மாத வித்தியாசம் இருந்தாலே இந்தச் சமன்பாடு தானாக ஒரு வேறுபாட்டை உருவாக்கும். பீப் டெஸ்டை வைத்து ஒப்பிடுகிறவர்கள் சமன்பாட்டைத் தொடாமல், ஓடிய நடைகளின் எண்ணிக்கையையோ கடைசி வேகத்தையோ அப்படியே ஒப்பிடுவது மேல். பிரிட்டன் உடலியங்கியல் ஆய்வாளர்கள் ஜோ வெல்ஸ்மனும் நீல் ஆர்ம்ஸ்ட்ராங்கும் இன்னும் ஒருபடி மேலே போய், இந்த ஓட்டம் பிள்ளைகளின் இதய-நுரையீரல் திறனை அளப்பதாகச் சொல்வதே செல்லாது என்று வாதிடுகிறார்கள். ஓட்டத்தில் சுமக்கும் கொழுப்பின் பாரம் முடிவைப் பெரிதும் பாதிக்கிறது என்பது அவர்கள் தரப்பு. முழுதும் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் அந்த எச்சரிக்கையைத் தள்ள முடியாது.

ஓடும் பெண் நிறுத்துவதற்கு மூச்சு மட்டும் காரணமல்ல

கருவியைச் சரிபார்ப்பவர்கள் இதைச் சரிபார்ப்பதில்லை. பீப் டெஸ்ட் எல்லோர் முன்னிலையிலும் நடப்பது. தோழி நின்றால் இவளும் நிற்பாள். பதிவுத்தாளில் மூன்று பேர் ஒரே நடையில் நின்றிருந்தால் மூவரின் மூச்சும் ஒன்றாக முடிந்தது என்று பொருளில்லை. இதயத்துடிப்புப் பட்டை கட்டியிருந்தால் தெரிந்துவிடும்: 170ல் நின்றவள் சோர்ந்து நிற்கவில்லை.

சரியான ஸ்போர்ட்ஸ் பிரா இல்லாமல் ஓடுவது வலியும் கூச்சமுமாக இருக்கும். முன்கூட்டியே வயதுக்கு வந்த பெண்ணுக்கு இது கூடுதல் தடை. பல அளவுகளில் வாங்கி வைத்துக் கொடுப்பது ட்ரெட்மில் விலையில் ஒரு துளிகூட ஆகாது. முஸ்லிம் பெண்கள் இருந்தால் பார்வையாளர் இல்லாத கூடம், பெண் பணியாளர் மட்டும், முக்காடும் நீளக்கையுமாக ஓட அனுமதி. ரமலான் மாதத்தில் தேதி வைக்கவே கூடாது. நோன்பிருக்கும் பெண் பகலில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். ஆப்பிரிக்க-அமெரிக்கப் பெண்களிடம் தலைமுடி ஒரு பெரிய விஷயம்: மணிக்கணக்காக உட்கார்ந்து, காசு செலவழித்து நேராக்கிய முடி வியர்வையில் கெட்டுவிடும் என்பதால் உடற்பயிற்சியையே தவிர்ப்பதாகச் சொல்பவர்கள் உண்டு. தேதியை ஒரு வாரம் முன்னே சொன்னால் அவர்கள் அதற்கேற்பப் பின்னிக்கொண்டு வருவார்கள். மாதவிடாய் நாளில் ஓடுவதா, தள்ளிப்போடுவதா என்பதை அவளிடமே விடுங்கள், ஆனால் குறித்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் ஆப்பிரிக்க வழியினரில் சுமார் 12 பேரில் ஒருவர் அரிவாள் செல் மரபணு (ரத்தச் சிவப்பணுவை அரிவாள் வடிவில் வளைக்கக்கூடியது) ஒன்றைத் தாங்கியிருக்கிறார். பெரும்பாலோர்க்குத் தொல்லை இல்லை. என்றாலும் வெயிலில், உடலில் நீர் வற்றிய நிலையில், உச்சம்வரை ஓடும்போது ஆபத்து உண்டு. தெரிந்தால் நிழல், தண்ணீர், நிறுத்தச் சுதந்திரம் மூன்றும் கட்டாயம். சொல்லப்போனால் எல்லோருக்கும்தான்.

நான்காம் படி: திறனோடு சேர்த்து அளக்க வேண்டியவை

*உடலமைப்பு.* எடையும் உயரமும் போதாது. ஒரே பிஎம்ஐயில் (உயரத்துக்கு ஏற்ற எடையின் குறியீடு) தெற்காசியப் பெண்ணுக்குக் கொழுப்பின் பங்கு கூடுதலாகவும், கறுப்பினப் பெண்ணுக்கு எலும்பும் தசையும் கூடுதலாகவும் இருப்பது பொதுவாகக் காணப்படுவது. ஆசியப் பெரியவர்களுக்கு 23, 27.5 என்ற கூடுதல் எல்லைகளை உலக சுகாதார நிறுவனம் 2004ல் சொன்னதற்குப் பின்னணி இதுதான். எக்ஸ்-கதிரால் கொழுப்பையும் எலும்பையும் பிரித்தளக்கும் டெக்ஸா கருவி இருந்தால் நல்லது. இல்லையென்றால் வலப்பக்கத்தில் மேல் கையின் பின்புறத்திலும் கெண்டைக்காலின் உட்புறத்திலும் தோல்மடிப்பை அளந்து, கூட்டுத்தொகையை 0.610ஆல் பெருக்கி 5.1 கூட்டுங்கள். 16 மிமீயும் 14 மிமீயும் என்றால் கொழுப்பு 23.4%. மின்னோட்டத்தால் கொழுப்பைக் காட்டும் எடைக்கருவிகளை இந்த வேலைக்கு நம்பாதீர்கள்; உள்ளே இருக்கும் சமன்பாடு கால் நீளத்தையும் உடல் நீரையும் யாரோ ஓர் இனத்தவரை வைத்துக் கணித்தது, அது யார் என்று பெட்டியில் எழுதியிருக்காது.

*வயதுக்கு வந்த காலம்.* 1997ல் அமெரிக்காவில் 17,077 சிறுமிகளைப் பற்றி வெளியான ஆய்வில் பூப்பெய்திய சராசரி வயது கறுப்பினப் பெண்களுக்கு 12.16, வெள்ளையினப் பெண்களுக்கு 12.88. சுமார் எட்டரை மாத வித்தியாசம். பூப்புக்குப் பின் பெண்ணுடலில் கொழுப்பின் பங்கு கூடுவதால், ஒரு கிலோ எடைக்கான ஆக்சிஜன் நுகர்வு இறங்கத் தொடங்கும். ஆகவே பிறந்த தேதியை வைத்து 13 வயதினரை மட்டும் ஒப்பிட்டால், ஒரு குழு ஏற்கெனவே இறங்கத் தொடங்கியிருக்கும், மற்றது இன்னும் மேட்டிலேயே நிற்கும்.

உட்கார்ந்த உயரம், கால் நீளம், எடை ஆகியவற்றை வைத்து உடல் முதிர்ச்சியைக் கணிக்கும் மிர்வால்ட் சமன்பாட்டை 2002 முதல் பலரும் பயன்படுத்துகிறார்கள். அது கனடா, பெல்ஜியம் பிள்ளைகளை வைத்து உருவானது. உயரத்துக்கு ஏற்ற கால் நீளத்தின் விகிதம் இனத்துக்கு இனம் மாறும். அதே விகிதத்தைக் கொண்டு முதிர்ச்சியைக் கணித்து, அந்த முதிர்ச்சியால் இன வேறுபாட்டைத் திருத்துவது சுற்றி வளைத்து அதே இடத்துக்கு வருவது. தனியறையில் ஒரு பெண் பணியாளர், ‘எந்த மாதம், எந்த வகுப்பில் படிக்கும்போது?’ என்று கேட்டால் நல்ல விடை கிடைக்கும்.

*ஹீமோகுளோபின்.* ஒரு கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.34 மிலி ஆக்சிஜனைச் சுமக்கும். டெசிலிட்டருக்கு 13 கிராம் இருந்தால் 17.4 மிலி, 12 என்றால் 16.1. ரத்தத்தின் சுமைதிறனில் ஏழு எட்டு சதவீதக் குறைவு. இதயம் இதில் ஒரு பகுதியைத்தான் ஈடுகட்டும். 12 முதல் 14 வயதுவரை 12.0க்குக் கீழே போனால் ரத்தசோகை. இரும்புச்சத்து குறையாத நிலையிலும் கறுப்பினத்தவரிடம் சராசரி ஹீமோகுளோபின் சற்றுக் குறைவாக இருக்கும். ஹீமோகுளோபின் உற்பத்தியைக் குறைக்கும் ஆல்ஃபா தலசீமியா மரபணு அதற்கு ஒரு காரணம். தெற்காசியப் பெண்களிடம் இரும்புச்சத்துக் குறைவே பெரும் பங்கு: இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1% பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொன்னது. முதலாவதில் மரபுக்குப் பங்கு உண்டு, இரண்டாவது பெரும்பாலும் தட்டில் விழுந்த சோறு. இரண்டையும் பிரிக்க, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள். சளி காய்ச்சல் இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக உயரும் என்பதால் அந்த வாரம் வேண்டாம்.

விரலில் குத்திப் பார்ப்பதில் ஒரு கைப்பழக்கம் கெடுதல் செய்கிறது. ரத்தம் வரவில்லை என்று விரலைப் பிதுக்கினால் திசுநீர் கலந்து அளவு குறையும். கையை வெந்நீரில் சூடாக்கி, முதல் இரண்டு துளிகளைத் துடைத்துவிட்டு, தானாக உருளும் துளியை எடுங்கள்.

*ஓடியாடும் பழக்கம்.* அமெரிக்காவின் தேசிய இதய, நுரையீரல், ரத்த நிறுவனம் 1987ல் தொடங்கிய வளர்ச்சி ஆய்வு இந்தத் துறையில் தவிர்க்க முடியாதது. கலிஃபோர்னியாவின் ரிச்மண்ட், ஒஹாயோவின் சின்சினாட்டி, வாஷிங்டன் வட்டாரம் ஆகிய மூன்று இடங்களில் 1,213 கறுப்பினச் சிறுமிகளையும் 1,166 வெள்ளையினச் சிறுமிகளையும் 9, 10 வயதில் சேர்த்து, ஏறத்தாழப் பத்தாண்டு தொடர்ந்தார்கள். தொடக்கத்தில் ஓய்வுநேர உடலியக்க மதிப்பெண்ணின் இடைநிலை கறுப்பினத்தவருக்கு 27.3, வெள்ளையினத்தவருக்கு 30.8, பெரிய வித்தியாசமில்லை. பத்தாண்டு கழித்து முதலாவது 0, இரண்டாவது 11.0. 16, 17 வயதில் கறுப்பினப் பெண்களில் 56%, வெள்ளையினப் பெண்களில் 31% பேர் வழக்கமான ஓய்வுநேர உடலியக்கம் எதுவும் இல்லை என்றார்கள். கூடிய பிஎம்ஐ இரு குழுவிலும் இந்தச் சரிவோடு சேர்ந்து வந்தது. பெற்றோரின் குறைந்த படிப்பும் சரிவோடு சேர்ந்தது. வெள்ளையினத்தவரிடம் சிறு வயதிலிருந்தே, கறுப்பினத்தவரிடம் பிந்திய வயதில். கருத்தரிப்பு கறுப்பினப் பெண்களிடமும், புகைப்பழக்கம் வெள்ளையினப் பெண்களிடமும் சரிவோடு இணைந்திருந்தது. ஒன்பது வயதில் கிட்டத்தட்ட ஒன்றாக நின்றவர்கள் பதினேழில் இவ்வளவு பிரிவதைப் பிறப்பின்மேல் போட்டுவிட முடியாது.

ஆனால் அந்த மதிப்பெண் கேள்வித்தாளிலிருந்து வந்தது; ‘ஓய்வுநேரம்’ என்று கேட்டால் தம்பியைத் தூக்கி வைத்துக்கொண்டு நடந்ததும், வீட்டைக் கூட்டியதும், பஸ் காசு இல்லாமல் நடந்து வந்ததும் விடுபடும். ஆகவே இடுப்பில் அசைவை எண்ணும் கருவியான ஆக்சிலரோமீட்டர் கட்டுங்கள்: ஏழு நாள், நாளுக்குக் குறைந்தது 10 மணி நேரம், அதில் நான்கு நாளாவது செல்லுபடியாக வேண்டும், ஒன்று சனி அல்லது ஞாயிறு. 15 விநாடிக்கு ஒரு பதிவு. ஒரு நிமிடத்துக்கு ஒன்று என்றால் சிறு சிறு ஓட்டங்கள் கரைந்துவிடும். மிதமான உழைப்புக்கு எல்லைக்கோடு நிமிடத்துக்கு 2,296 எண்ணிக்கையா, 3,000ஆ என்பதை முன்னரே முடிவுசெய்து எழுதுங்கள். அமெரிக்காவில் ஆறு இடங்களில், 36 நடுநிலைப் பள்ளிகளில் பதின்வயதுப் பெண்களின் உடலியக்கத்தைப் பற்றி நடந்த டாக் (TAAG) ஆய்வு 3,000ஐப் பயன்படுத்தியது. 2,296ல் வந்த உங்கள் நிமிடங்களை அதோடு ஒப்பிட்டால் உங்கள் மாணவியர் சுறுசுறுப்பானவர்களாகத் தோன்றுவார்கள், அவ்வளவுதான்.

*வீட்டுச் சூழல்.* பெற்றோரின் படிப்பு, பள்ளியில் இலவச உணவுக்குத் தகுதி, மாலையில் தனியே வெளியே விடுவார்களா. மூன்று கேள்விகள் போதும்.

ஐந்தாம் படி: கணக்கு

முதலில் எதையும் திருத்தாத சராசரிகளை எழுதி வைத்துவிடுங்கள்: லிட்டரில் ஒன்று, கிலோவுக்கு ஒன்று, கொழுப்பு நீங்கிய எடைக்கு ஒன்று. தொடக்கத்தில் பார்த்த இருவரில் முதலாமவளுக்குக் கொழுப்பு 24%, இரண்டாமவளுக்கு 30% என்றால், கொழுப்பு நீங்கிய கிலோவுக்கு 55.6, 54.8. நான்கு மிலி இடைவெளி ஒன்றுக்கும் கீழே சுருங்கிவிட்டது.

அதன்பின் ஆக்சிஜன் நுகர்வு, எடை இரண்டின் மடக்கையையும் எடுத்து ரிக்ரஷன் (ஒன்று மாறும்போது மற்றது எவ்வளவு மாறுகிறது என்று காட்டும் கணக்கு) போடுங்கள். எடைக்கான அடுக்கு 0.67 என்று முன்கூட்டியே திணிக்காமல் உங்கள் தரவிலிருந்தே வரட்டும். பிறகு மாறிகளை ஒவ்வொன்றாகச் சேருங்கள்: இனக்குழுவும் வயதும், அடுத்து கொழுப்பு நீங்கிய எடை, அடுத்து பூப்பு முதல் கழிந்த மாதங்கள், அடுத்து ஹீமோகுளோபின், அடுத்து உடலியக்கம், கடைசியில் வீட்டுச் சூழல். ஒவ்வொரு படியிலும் இனக்குழுவின் கெழு (குழுக்களுக்கிடையே மிஞ்சும் வேறுபாடு) எவ்வளவு சுருங்கியது, அதன் நம்பிக்கை இடைவெளி (உண்மை மதிப்பு விழக்கூடிய வரம்பு) என்ன என்று குறியுங்கள். எந்தப் படியில் பெரிய சரிவு விழுகிறதோ அங்கேதான் கதை இருக்கிறது. பள்ளியை மேலடுக்காக வைக்கும் பல அடுக்கு மாதிரி கட்டாயம்.

இந்த வரிசையில் ஒரு பொறி உண்டு. உடலியக்கத்தைத் திருத்திய பின் வேறுபாடு மறைந்தால், ‘வேறுபாடே இல்லை’ என்று எழுதிவிடுகிறார்கள். அந்தப் பெண்களின் திறன் இன்றைக்குக் குறைவாக இருப்பது உண்மைதான். ஏன் குறைவு என்பதற்குத்தான் விடை கிடைத்திருக்கிறது. திருத்தாத எண் உடல்நல ஆபத்தைச் சொல்லும், திருத்திய எண் காரணத்தைச் சொல்லும். இரண்டும் அட்டவணையில் இருக்கட்டும்.

ஆறாம் படி: எழுதுவதும் சொல்வதும்

சராசரிக்குப் பக்கத்தில் பரவலையும் எழுதுங்கள். திட்டவிலக்கம் 6, சராசரி வேறுபாடு 3 என்றால், ‘குறைந்த’ குழுவில் 100க்கு 31 பேர் ‘கூடிய’ குழுவின் சராசரியைத் தாண்டுவார்கள். இரு குழுவிலிருந்தும் ஒவ்வொருத்தியைக் கண்ணை மூடி எடுத்தால், 100ல் 36 தடவை குறைந்த குழுவைச் சேர்ந்தவளே முந்துவாள். ஆகவே ஒரு பெண்ணின் இனத்தைக் கேட்டு அவள் திறனை ஊகிப்பதில் பயனில்லை. அணிக்கு ஆள் எடுக்கும் பயிற்சியாளருக்கு ஓட விட்டுப் பார்ப்பதுதான் வேலை.

பள்ளிக்குக் கொடுக்கும் அறிக்கையில் இனவாரி அட்டவணையை முதல் பக்கத்தில் வைக்க வேண்டாம். 35 மிலிக்குக் கீழே எத்தனை பேர் என்பதை வையுங்கள். 2016ல் வந்த ஒரு தொகுப்பாய்வு இதய நோய் ஆபத்துக்குப் பெண்பிள்ளைகளுக்கு வைத்த எச்சரிக்கைக் கோடு அது. பீப் டெஸ்டில் 14 வயதுப் பெண் 9.5 கிமீ கட்டத்தை முடித்தால் சமன்பாட்டில் 36.7 வரும், 9.0 கட்டத்தை முடித்ததோடு நின்றால் 34.0. கோடு இந்த இரண்டுக்கும் நடுவில் விழுவதால், ஒரு கட்டத் தவறு ஒரு பெண்ணை அந்தப்பக்கம் தள்ளிவிடும். கோட்டுக்கு அருகில் வருபவர்களை ஒரு வாரம் கழித்து மறுபடி ஓட விடுங்கள். ஹீமோகுளோபின் குறைந்தவர்களுக்குப் பயிற்சித் திட்டத்துக்கு முன் மருத்துவரிடம் சீட்டு கொடுங்கள்.

மூன்று மாதம் கழித்து மீண்டும் அளப்பதாக இருந்தால், முன்பே தெரிந்துகொள்ளுங்கள்: வாரம் மூன்று நாள், சுமார் 12 வாரம் ஒழுங்காகப் பயிற்சி கொடுத்தாலும் இந்த வயதில் உச்ச நுகர்வு சராசரியாக 10%க்கும் குறைவாகவே ஏறும். 36ல் இருந்தவள் 39ஐத் தொடலாம். அதே ஒலிப்பதிவு, அதே தரை, அதே நேரம், அதே தோழிகள் இருந்தால்தான் அந்த 3 மிலி கண்ணில் படும்.